உடலுக்கும் ஒரு ரியாளத்

‘ரியாளத்’ என்னும் சொல் நம்மவர் இல்லங்களுக்குப் புதியதன்று. ஷைகுமார்கள் தம் முரீதுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆத்மப் பயிற்சிக்கு அப்பெயர். பசித்திருத்தல், விழித்திருத்தல், தனித்திருத்தல், பேச்சைக் குறைத்தல் என அது விரியும். மதரஸாவில் ஏழாண்டு ஓதி, அதன்பின் முப்பதாண்டுக்கு மேலாக ஓதிக்கொடுத்துவரும் யாமும் அச்சொல்லை அப்பொருளிலேயே வழங்கி வந்தோம். ஆனால் அரபு அகராதியைப் புரட்டினால் அதன் வேர் வேறோர் இடத்தில் இருக்கக் காணலாம். பழகாத குதிரைக்குட்டியைப் பழக்கிச் சவாரிக்கு ஆயத்தப்படுத்துவதே அவ்வேரின் முதற்பொருள். அதிலிருந்து நஃப்ஸைப் பழக்குவதும் ரியாளத் ஆயிற்று. உடலைப் பழக்குவதும் ரியாளத் ஆயிற்று. இன்று அரபு நாடொன்றில் இச்சொல்லைச் சொன்னால் பந்தாட்டமும் ஓட்டமுமே கேட்போர் நினைவுக்கு வரும். நாமோ சொல்லின் ஒரு பாதியைப் பேணிக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டோம்.

அங்ஙனம் கைவிட்டதனால் விளைந்த பிழையொன்று எம் கணக்கில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

எம் மஹல்லாவில் ஹாஜியார் ஒருவர். தோல் மண்டியில் கணக்குப் பார்ப்பவர். காலை ஒன்பது மணிக்குத் திண்டில் சாய்ந்தால் இரவு வரை அதே இடம். தொழுகைக்கு மட்டும் எழுவார். அப்பொழுதும் இருநூறடி தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கு ஸ்கூட்டரில்தான் வருவார். ஹஜ்ஜுக்குச் சென்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஸஃயைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து நிறைவேற்றித் திரும்பினார். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் சேர்ந்தே இருந்தன. 2016ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து படியிறங்குகையில் எம்மை நிறுத்தினார்.

“ஹஜ்ரத், டாக்டர் தினமும் அரைமணி நேரம் வேகமா நடக்கச் சொல்றாரு. அஞ்சு வக்தும் தொழறோமே, குனிஞ்சு நிமிர்றோமே, அது பத்தாதா?”

யாம் சற்றும் தயங்கினோமில்லை. “தாராளமாகப் போதும் ஹாஜியார். தொழுகையைவிடச் சிறந்த உடற்பயிற்சி உலகில் உண்டா?” என்றோம். அதோடு நின்றோமா? அடுத்த வெள்ளிக்கிழமை பயானில் அதையே விரித்து, ருகூவினால் முதுகுக்கு என்ன நன்மை, ஸுஜூதினால் மூளைக்கு என்ன நன்மை என்று எங்கோ படித்த துண்டுப் பிரசுரத்தை நம்பி முழங்கினோம். ஹாஜியார் முதல் வரிசையில் இருந்து தலையசைத்தார்.

2019ஆம் ஆண்டில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் போயின. வாய் ஒருபுறம் கோணியது. அவர் நடந்திருந்தால் அது வந்திராது என்று கூற யாருக்கும் அதிகாரமில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால், அறியாத துறையில் ஃபத்வா வழங்கியவர் யாம் என்பது மட்டும் உறுதி.

அப்பொழுதும் எமக்கு அது உறைக்கவில்லை. உறைத்தது 2022ஆம் ஆண்டு அக்டோபரில், ஜவ்வாது மலையில்.

ஜவ்வாது என்றவுடன் நம்மவருக்கு மணப்பொருளும், ஏமனேசுவரத்துத் தமிழ்ப் பெரியார் ஜவ்வாதுப் புலவரும் நினைவுக்கு வருவது இயல்பு. யாம் சொல்வது வாணியம்பாடி, ஆலங்காயத்துக்காரர்களுக்குத் தென்புறத்தில் நீலமாய் நிற்கும் மலைத்தொடரை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பது அது. மேல்வகுப்பு மாணவர்களுக்கு யாம் ஃபலக் பாடம் நடத்துகிறோம். பிறை பார்த்தல், கிப்லா குறித்தல், தொழுகை நேரம் கணித்தல் அதில் அடங்கும். ஏட்டில் படித்த வானத்தைக் கண்ணாலும் காணட்டும் என்று பன்னிரண்டு பேரைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் காட்டுக்கு நடுவே அமைந்தது அவ்வாய்வகம். 1977ஆம் ஆண்டு மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகுக்கு வெளிப்பட்டபோது அங்கிருந்தும் அது நோக்கப்பட்டது. 1986இல் நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு எம் மாணவர் வாயடைத்து நின்றனர். அதைப்பற்றித் தனியே எழுதவேண்டும்.

இரவு ஜமுனாமரத்தூரில் தங்கினோம். மறுநாள் சுபுஹு தொழுதபின், பீமன் அருவியை நடந்தே சென்று பார்ப்பதென்று மாணவர் விரும்பினர். யாமும் உடன் கிளம்பினோம். பனி விலகாத காலை, சாமை விளைந்த கொல்லைகள், பலா மரங்கள், எங்கோ ஒரு சேவல். போகும்போது எல்லாம் இன்பமாகவே இருந்தது. திரும்பி மேடேறும்போதுதான் எம் உடம்பு தன் கணக்கை எடுத்து நீட்டியது. நூறு அடி வைப்பதற்குள் நெஞ்சு படபடத்தது. காதுக்குள் இரத்தம் இடிப்பது கேட்டது. ஒரு பாறையில் அமர்ந்தோம், எழுந்தோம், மீண்டும் அமர்ந்தோம். மாணவர் மேலே போய்விட்டு, மரியாதைக்காகத் திரும்பி வந்து எம்மைச் சூழ்ந்து நின்றனர். அவர்களுக்கு மூச்சும் வாங்கவில்லை. சிரிப்பை அடக்குவதுதான் சிரமமாக இருந்தது போலும்.

அவ்வேளை மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தலையில் விறகுக்கட்டோடு அவ்வழியே ஏறி வந்தார். (மலையாளி என்பது இங்கு மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்னும் பொருளது, கேரளத்தாரைக் குறிப்பதன்று.) அறுபத்தைந்துக்குக் குறையாத வயது. பின்னால் வந்த இளம்பெண்ணோடு ஏதோ வீட்டு விவகாரத்தைப் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு அறுபடவில்லை. எம்மைக் கண்டு நின்றார்.

“குந்தாதீங்க சாமி. குந்திக் குந்தி எழுந்தா ஏற முடியாது. மெல்ல நடங்க, நிக்காம நடங்க.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவர் சொன்னவாறு நிற்காமல் மெல்ல நடந்தோம், மேடும் ஏறிவிட்டோம். மேலே வந்து நீர் அருந்துகையில், மாணவரில் இளையவன் ஒருவன், கபடமற்றவன், கேட்டான்: “ஹஜ்ரத், அந்தப் பாட்டி நம்மைப் போல அஞ்சு வக்தும் தொழறவங்க இல்லையே. தொழுகையே போதுமான உடற்பயிற்சின்னு நீங்க பயான்ல சொன்னீங்களே?”

மற்ற மாணவர் அவனை முறைத்தனர். எமக்கு ஹாஜியாரின் முகம் கண்முன் வந்து நின்றது.

ஊர் திரும்பியதும் முதலில் தேடியது இப்னு ஸீனாவை. அந்நாளில் மதரஸாக்கள் பலவற்றில் திப்பும் ஒரு பாடம். எம் உஸ்தாதின் உஸ்தாதுகள் ஹகீம்களாகவும் விளங்கினர். அவ்வழியே எம் அலமாரிக்கு வந்து, யாம் அதுகாறும் தூசி தட்ட மட்டுமே எடுத்த நூல் ‘அல்கானூன் ஃபித்திப்’. அதன் முதற் பகுதியில் உடல்நலம் பேணுதல் குறித்த இடத்தில் ரியாளத்துக்கு அவர் இலக்கணம் வகுக்கிறார். அவ்விலக்கணத்தைக் கண்டு யாம் வியந்து போனோம். கை கால் அசைவை வைத்து அவர் அதை வரையறுக்கவில்லை. வியர்வையை வைத்தும் வரையறுக்கவில்லை. மூச்சை வைத்து வரையறுக்கிறார். ஒருவன் தானே விரும்பிச் செய்வதும், மூச்சை ஆழமாகவும் அடுத்தடுத்தும் விடுமாறு அவனைக் கட்டாயப்படுத்துவதுமான அசைவு எதுவோ அதுவே ரியாளத் என்பது அவர் கருத்து. மூச்சு மாறவில்லையெனில் அது வெறும் அசைவு, ரியாளத் ஆகாது. அதன் வகைகளாக நடையையும் ஓட்டத்தையும் மல்யுத்தத்தையும் குதிரையேற்றத்தையும் குறிக்கிறார். எங்கே நிறுத்துவது என்பதும் அங்கேயே உண்டு: மேனி நிறம் மலர்ந்து, அசைவு இலேசாக இருக்கும் வரை தொடரலாம், சோர்வு தட்டினால் நிறுத்திவிட வேண்டும்.

அவர் வாழ்ந்தது 980 முதல் 1037 வரை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டது 1968இல். காற்று என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். பெரிய தசைகள் ஒரே சீராக நெடுநேரம் இயங்க, அவற்றுக்கு வேண்டிய பிராணவாயுவை மூச்சும் இதயமும் இரத்தமும் இடைவிடாது கொண்டு சேர்க்கும் பயிற்சி அது. வேக நடை, மெல்லோட்டம், நீச்சல், மிதிவண்டி, மலையேற்றம் யாவும் அதில் அடங்கும். ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு இடைவெளியில் இரு மருத்துவர் ஒரே வாசலில் வந்து நிற்கின்றனர். எல்லாமே நம் முன்னோர் சொன்னதுதான் என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அவர் சொன்னது எம் அலமாரியிலேயே இருந்தும் யாம் படிக்கவில்லை என்பதற்காகவே கூறுகிறோம்.

இப்பயிற்சி உடலினுள் செய்வது என்ன என்பதை எம் மஹல்லாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இதயம் ஒரு தசை. நாள்தோறும் வேலை வாங்கப்படும் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. ஆகவே ஓய்வு நேரத்தில் அது குறைவாகத் துடித்தாலே போதும். இரத்தக்குழாய்களின் இறுக்கம் தளர்கிறது, கொதிப்புத் தணிகிறது. கால்தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை, இன்சுலினின் துணையை எதிர்பாராமலே உள்ளிழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பின்னரும், ஒருநாள் இருநாள் வரை, இருக்கின்ற இன்சுலினே செவ்வையாக வேலை செய்கிறது. அதனாற்றான் இருநாளுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்கின்றனர். உறக்கம் சீராகும், மனச்சுமை குறையும் என்பவற்றை அவர் சொல்லாமலே பின்னர் யாமே கண்டுகொண்டோம்.

ஹாஜியாரின் திண்டை நினைக்கும்போதெல்லாம் எமக்கு நினைவில் எழுவது இலண்டன் மாநகரப் பேருந்துகள். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈரடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மேலும் கீழும் ஏறியிறங்குவார், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 750 படிகள். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வருவாய். எனினும் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதயநோய் மிகுதியாக வந்தது. திடீர் மரணமும் அவர்களிடையே அதிகம். உட்கார்ந்திருப்பது உயிரைக் குடிக்கும் என்பதை எண்ணிக் காட்டிய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று. மாரிஸ் தாமும் நாள்தோறும் உடற்பயிற்சி செய்து, 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

இலண்டன் நமக்கு எதற்கு என்பார்க்குச் சென்னையே சான்று. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் அம்மூன்றாண்டில் நோயாளிகளாயினர். உணவைச் சீர்செய்து நடைப்பயிற்சியும் மேற்கொள்ளுமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான்; இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதைவிட மேலான பலன் கிட்டவில்லை. மாத்திரைக்குச் செலவு உண்டு, காலுக்குச் செலவில்லை. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கின்றனர். வலீமா விருந்தில் பிரியாணிக்குப் பின் இனிப்பும், இனிப்புக்குப் பின் மாத்திரையும் விழுங்கும் நம் குடும்பங்கள் அக்கணக்கில் குறைவாகவா இருக்கும்?

இனி, எம் பயானுக்கு வருவோம். தொழுகை உடற்பயிற்சியாகப் போதாதா?

போதாது என்பதற்கு மருத்துவரிடம் போகவேண்டியதில்லை. ஃபிக்ஹே சான்று கூறும். தொழுகையில் ஒவ்வொரு நிலையிலும் உடல் அமைதியுற்று நிலைபெற வேண்டும். ருகூவில் தரித்து, நிமிர்ந்து தரித்து, ஸுஜூதில் தரித்து, அமர்ந்து தரிக்க வேண்டும். பள்ளிக்குள் வந்து விரைந்து விரைந்து தொழுத ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பி, மீண்டும் தொழுமாறு பணித்ததும், அவர் தொழுதது தொழுகையே அன்று என உணர்த்தியதும் ஹதீஸ் ஓதுவோர் அனைவரும் அறிந்ததே. மூச்சு வாங்கும்படி தொழுதால் தொழுகை கெடும். மூச்சு வாங்காவிட்டால் இப்னு ஸீனா சொல்லும் ரியாளத் ஆகாது. பின் எப்படி ஒன்று மற்றொன்றாகும்? மூட்டுகளுக்கும் முதுகுக்கும் அதனால் இதமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தொழுகை அல்லாஹ்வுக்காக விதியானது. அதை இதயத்துக்கு மருந்தென்று விலைபேசிய யாம் தொழுகைக்கும் நியாயம் செய்யவில்லை, ஹாஜியாருக்கும் நியாயம் செய்யவில்லை.

பள்ளிக்கு நடந்து செல்வதும் அவ்வாறே. பனூ ஸலிமா கூட்டத்தார் தொலைவிலிருந்த தம் வீடுகளை விட்டுப் பள்ளிக்கு அருகே குடிவர எண்ணியபோது, அங்கேயே இருக்குமாறும், அவர்களின் காலடிகள் எழுதப்படுவதாகவும் நபியவர்கள் கூறினார்கள். ஸ்கூட்டர் உதைக்குமுன் இதை நினைப்பது நலம். ஆயினும் தொழுகைக்கு வருகையில் ஓடி வராதீர்கள், அமைதியோடு வாருங்கள் என்பதும் அவர்களின் கட்டளையே. ஆகவே போகும்போது அமைதி. வேகத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். எம் வழக்கம் இப்பொழுது அதுதான். சுபுஹுக்கு ஒரு சந்து வழியாகப் போகிறோம். வீடு திரும்ப ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறோம்.

அண்ணலாரின் நடையைப் பற்றி அலீ (ரலி) அவர்கள் வருணித்ததை எத்தனையோ முறை மாணவர்க்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம். உயரத்திலிருந்து இறங்கி வருபவர் போல் முன்சாய்ந்து உறுதியாய் நடப்பார்கள் என்பது அதன் கருத்து. அவர்களோடு ஈடுகொடுத்து நடக்கத் தோழர்கள் சிரமப்பட்டதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதும் உண்டு. சொற்பொருள் சொல்லிக்கொடுத்தோமேயன்றி, அந்நடை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து திரும்பிய அன்று, மலைச்சரிவில் இறங்கி வந்த மக்களைப் பேருந்துச் சன்னலிலிருந்து கண்டோம். பாதம் முழுதும் எடுத்து, முழுதும் பதித்து, உடல் சற்றே முன்சாய, அவசரமின்றியும் தயக்கமின்றியும் வந்தனர். முப்பதாண்டு ஓதிக்கொடுத்த பாடத்தின் பொருள் அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் மலைமக்களின் நடையைப் பாடிப் புகழ்வதற்கும் ஓர் எல்லை உண்டு. எமக்கு நடை மருந்து. அவர்களுக்கு அது வேறு வழியின்மை. மலையின் வேலூர் மாவட்டப் பகுதியிலுள்ள அல்லேரியில் 2023 மே மாதம் பாம்பு தீண்டிய குழந்தையொன்று, சரியான சாலையில்லாமையால் காலத்தே மருத்துவமனை சேர இயலாது மாண்டது. அவ்வுடலைச் சுமந்துகொண்டு தாய் மலைப்பாதையில் நடக்க நேர்ந்ததை நாடே செய்தியாகப் படித்தது. சாலை வேண்டுமென்று அவர்கள் கேட்பதில் எள்ளளவும் பிழையில்லை. சாலை வந்து, வண்டி வந்து, அவர்களும் நம்மைப்போல் அமரத் தொடங்கினால் நம் நோய்களும் ஏறி வரும் என்பது வேறு கவலை. அதற்காகச் சாலை வேண்டாமென்று சமவெளியில் வாழும் நாம் சொல்லலாகாது.

நம் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. ஆண்களாவது பள்ளிவாசல், கடைவீதி என்று வெளியே காலெடுத்து வைக்கின்றனர். நம் தாய்மாரும் மனைவியரும் அடுப்பங்கரைக்கும் முற்றத்துக்கும் இடையே வாழ்நாளைக் கழிக்கின்றனர். “வீட்டு வேலை செய்கிறார்களே, அது போதாதா?” என்பது அவர்கள் விஷயத்தில் ஆண்கள் சொல்லும் சாக்கு. எம் பழைய ஃபத்வாவுக்கு அது தம்பி. நாள் முழுதும் நின்று களைப்பது வேறு, மூச்சுயர அரைமணி நேரம் நடப்பது வேறு. எம் இல்லாளுக்குச் சர்க்கரை கண்டு பத்தாண்டுகள் ஆகின்றன. அவரை நடக்கச் சொல்ல எமக்கு 2022 வரை தோன்றவில்லை. இப்பொழுது மாலையில் மொட்டைமாடியில் நடக்கிறார். முதல் வாரம், “இந்த வயசுல என்னை எங்கே ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பப் போறீங்க?” என்று கேட்டார். ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்தோடு (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடி முந்தியதையும், பின்னொரு காலத்தில் உடல் பருத்தபின் ஓடியபோது நாயகம் (ஸல்) முந்தி, அதற்கு இது ஈடு என்று சிரித்ததையும் நினைவூட்டினோம். அதன்பின் அவர் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

எம் ஊர் நிஸ்வான் மதரஸாவின் முற்றம் விசாலமானது. உயர்ந்த மதிலும் உண்டு. 2023 முதல் சுபுஹுக்குப் பின் ஒருமணி நேரம் அதைப் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிடச் செய்தோம். “இது என்ன புது பித்அத்?” என்று ஜமாஅத்தில் ஒருவர் எழுந்தார். மேற்சொன்ன ஹதீஸையே அவருக்கும் சொன்னோம், அமர்ந்துவிட்டார். அடுத்த மாதம் அவருடைய இரு மருமக்களும் வந்தனர்.

எவ்வளவு நடப்பது, எத்துணை வேகம் என்று கேட்போர்க்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் கீழ்க்கணக்கு நிறைந்துவிடும். வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும் என்பது மருத்துவர் கூறும் அளவுகோல். நம் வழக்கில் சொன்னால், ஸலவாத்துச் சொல்ல இயல வேண்டும், மவ்லிது பைத்தை இராகமிழுத்துப் பாட இயலக்கூடாது. பைத்து தங்குதடையின்றி வருமாயின் நீங்கள் உலாவுகிறீர்கள், நடக்கவில்லை. ஸலவாத்தே திணறுமாயின் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ உடையவர் முதலில் மருத்துவரைக் காணட்டும். சர்க்கரைக்கு மருந்து உட்கொள்வோர் வெறுங்காலோடு நடக்கலாகாது. பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும். ரமளானில் நோன்பு திறந்து சற்று இடைவெளிவிட்டு, அல்லது தராவீஹுக்குப் பின் நடக்கலாம். ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருப்போர் ஆறு மாதம் முன்னதாகவே தொடங்குதல் நன்று. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை என்பது மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்; ஹாஜரா அம்மையார் பச்சிளங்குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய இடம். அதைச் சொந்தக் காலால் நடக்கும் பேறு இயன்றவர்க்கு ஏன் தவறவேண்டும்?

2024 டிசம்பரில் புதிய மாணவர்களோடு மீண்டும் காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் சென்றோம். அதே அருவி, அதே மேடு. நிற்காமல் மெல்ல ஏறினோம். மூச்சு வாங்கியது, ஆனால் பாறையில் அமரவில்லை. அம்மூதாட்டியைக் கண்கள் தேடின, காணக் கிடைக்கவில்லை.

ஊர் வந்ததும் ஹாஜியாரைக் காணச் சென்றோம். இரண்டு ஆண்டுகளாகவே போகவேண்டும் என்று எண்ணி, துணிவின்றி நின்றிருந்தோம். நாற்காலியில் சன்னலோரம் அமர்ந்திருந்தார். 2016ஆம் ஆண்டு வெள்ளிக்கிழமையை நினைவூட்டி, எம் பதில் பிழையானது, ஹக்கைப் பொறுத்தருள வேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் இடக்கையால் எம் கையைப் பற்றி, குழறிய சொற்களால், “எனக்கும் அந்த பதில்தான் வேண்டியிருந்துச்சு ஹஜ்ரத். நடக்கச் சொல்லியிருந்தா வேற ஒரு ஹஜ்ரத்தைத் தேடியிருப்பேன்” என்றார். பாதி வாயால் சிரித்தார். அதன்பின் கேட்டார்: “தினமும் நடக்கிறீங்களாமே, எதுவரைக்கும்?”

“ரயில்வே கேட்டு வரைக்கும் ஹாஜியார். அங்கிருந்து திரும்பி ஏரிக்கரை வழியா.”

“ஏரியில தண்ணி இருக்கா?”

“நிறைந்திருக்கிறது.”

மறுநாள் சுபுஹு முடிந்து வெளியே வந்தபோது, அவருடைய பேரன் பள்ளிவாசல் வாயிலில் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஏரியைப் பார்த்துவந்து சொல்லுமாறு பாட்டனார் அனுப்பினாராம்.